எடை இறங்காமல் நின்றுவிட்டதா? அது தோல்வி அல்ல!

முதல் மாதம் 3 கிலோ குறைந்தது. இரண்டாவது மாதம் 2 கிலோ. மூன்றாவது மாதம் 1 கிலோ. நான்காவது மாதம்?

ஒன்றுமே இல்லை!

சோறு அளவோடுதான். காபியில் சர்க்கரை கிடையாது. காலை நடையும் நிற்கவில்லை. ஆனால் எடை பார்க்கும் இயந்திரம் மட்டும் அதே எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒரு வாரம் பார்க்கிறார்கள். இரண்டு வாரம் பார்க்கிறார்கள். பிறகு மனம் உடைந்துவிடுகிறது.

"நம்ம உடம்பு வாகு இவ்வளவுதான்" என்று பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் ஒரு பக்கம். "இன்னும் குறைக்கிறேன் பார்!" என்று இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டு, தலை சுற்றி உட்காருகிறவர்கள் இன்னொரு பக்கம். "பத்தே நாளில் பத்து கிலோ" என்ற விளம்பரத்தை நம்பிப் பொடி டப்பா வாங்கி வருகிறவர்கள் மற்றொரு பக்கம்.

மூன்று வழியும் தவறு.

எடை தேங்கி நிற்பது நோய் அல்ல, தோல்வியும் அல்ல. எடையைக் குறைக்க முயலும் அநேகமாக எல்லோருக்கும் வருகிற கட்டம் அது. அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அந்தக் கட்டத்தை எப்படிக் கடக்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான், குறைத்த எடை நிலைக்குமா, திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளுமா என்பது.

முதலில் குறைந்தது என்ன?

முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும். ஆனால் அப்போது இறங்குவது எல்லாம் கொழுப்பு அல்ல. அதில் பெரும் பங்கு தண்ணீர்!

சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றில் இருக்கும் மாவுச் சத்தில் ஒரு பகுதியை உடல் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. இதற்கு "கிளைக்கோஜன்" என்று பெயர். 1 கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் உடல் முதலில் இந்தச் சேமிப்பைத்தான் எடுத்துச் செலவு செய்கிறது. கூடவே இருந்த தண்ணீரும் வெளியேறிவிடுகிறது.

ஆகையால் முதல் வார வேகத்தை எப்போதும் எதிர்பார்ப்பது சரியல்ல. அது ஆடிப் பெருக்கு. ஆறு வருஷம் முழுவதும் அப்படியே ஓடாது.

காகிதக் கணக்கு

ஒரு பழைய கணக்கு உண்டு. 1958-ம் ஆண்டு மாக்ஸ் விஷ்னோப்ஸ்கி என்ற நியூயார்க் டாக்டர் அதை எழுதி வைத்தார். உணவில் இருக்கும் சக்தியைக் கலோரி என்ற அளவால் அளக்கிறார்கள். சுமார் 7,700 கலோரியைக் குறைத்தால் 1 கிலோ எடை குறையும் என்பது அந்தக் கணக்கு.

இதன்படி, ஒருவர் தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ இறங்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 24 கிலோ! அப்படியே போனால், 80 கிலோ எடையுள்ளவர் மூன்றரை ஆண்டில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தே போக வேண்டும்!

அப்படி யாரும் மறைந்துபோகவில்லை. கணக்கில் என்ன பிழை?

உடலின் செலவு என்றும் மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. செலவோ மாறிக்கொண்டே இருக்கிறது.

கெட்டிக்கார இல்லத்தரசி

வீட்டில் வரவு குறைந்தால் இல்லத்தரசி என்ன செய்கிறாள்? செலவைச் சுருக்குகிறாள். வேண்டாத விளக்கை அணைக்கிறாள். பண்டிகைச் சேலையைத் தள்ளிப்போடுகிறாள். குடும்பம் தாக்குப்பிடிக்கிறது.

உடலும் அப்படித்தான். சாப்பாட்டு வரவு குறைந்ததும் அது சிக்கனத்தில் இறங்கிவிடுகிறது.

80 கிலோ உடலைச் சுமந்துகொண்டு மாடி ஏறுவதற்கு ஆகும் சக்தி, 72 கிலோ உடலைச் சுமந்து ஏறுவதற்கு ஆகாது. உடல் சிறுத்தால் அதை நடத்தும் செலவும் சிறுக்கும். அது மட்டுமா? சும்மா இருக்கும்போது, இதயம் துடிக்கவும், மூச்சு விடவும், சூடு காக்கவும் ஆகும் செலவைக்கூட உடல் சற்றுச் சுருக்கிக்கொள்கிறது. நாம் அறியாமலே நம் நடமாட்டமும் குறைகிறது. நின்று செய்த வேலையை உட்கார்ந்து செய்கிறோம்.

கடைசியில் ஒரு நாள் வரவும் செலவும் சமமாகிவிடுகிறது. அன்று எடை நின்றுவிடுகிறது.

பட்டினி கிடந்த 36 பேர்

உடலின் இந்தச் சிக்கனத்தை உலகுக்கு எடுத்துக் காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது.

அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஐரோப்பாவில் பல நாடுகளில் மக்கள் உணவின்றி வாடினார்கள். பட்டினியால் மெலிந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய வேண்டியிருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஆன்சல் கீஸ், 1944-ம் ஆண்டு இதற்காக ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்.

ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த அறைகளில் தங்கினார்கள். 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. ரொட்டி, உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், மக்ரோனி. இவைதான் பெரும்பாலும் சாப்பாடு. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

விளைவு என்ன?

எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. முதலில் வேகமாக இறங்கிய எடை, போகப்போக மெதுவாகவே இறங்கியது. சும்மா இருக்கும்போது உடல் செய்யும் செலவு சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது! நாடித் துடிப்பு மெதுவாயிற்று. வெயில் காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. பேச்செல்லாம் சாப்பாட்டுப் பேச்சு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்!

பிறகு வேண்டிய மட்டும் உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு திரும்பி வந்தது; பலருக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே வந்தது.

"எடை நின்றுவிட்டது; பட்டினி கிடக்கிறேன்" என்று சொல்பவர்கள் இந்த 36 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டினி உடலை ஏமாற்றாது. உடல்தான் பட்டினியை ஏமாற்றிவிடும்!

பசியும் கூடுகிறது

செலவு குறைவது ஒரு பக்கம். பசி கூடுவது இன்னொரு பக்கம்.

உடலில் உள்ள கொழுப்பு "லெப்டின்" என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1994-ம் ஆண்டு நியூயார்க்கில் டாக்டர் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளைக்குச் செய்தி சொல்வது லெப்டின். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது. "சேமிப்பு கரைகிறது, சாப்பிடு, சாப்பிடு" என்று மூளை பசியைக் கிளப்பிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 50 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. 10 வாரம் கட்டுப்பாடான உணவு உண்டு எடை குறைத்தவர்கள் அவர்கள். ஒரு வருஷம் கழிந்த பிறகும் அவர்களுடைய உடலில் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-ல் வெளியான முடிவு கூறுகிறது.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2016-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். எடை 1 கிலோ குறைந்தால், உடலின் தினச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ, தினம் சுமார் 100 கலோரி கூடுகிறது!

6 கிலோ குறைத்தவருக்கு என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். செலவில் சுமார் 150 கலோரி குறைவு. பசியில் சுமார் 600 கலோரி கூடுதல். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு எடையை ஏறவிடாமல் வைத்திருப்பவரைப் பார்த்து, "என்ன, ஒன்றும் குறையவில்லையே?" என்று கேட்பது நியாயமா?

கைக்கணக்கு பொய்க்கும்

பசி கூடினால் கையும் கொஞ்சம் தாராளமாகிவிடும். அது யாருக்கும் தெரியாமல் நடக்கும், சாப்பிடுகிறவருக்கே தெரியாது.

"நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை குறையவில்லை" என்று சொன்ன 10 பேரை நியூயார்க்கில் சோதித்துப் பார்த்தார்கள். 1992-ல் அந்த முடிவு வெளியாயிற்று. அவர்கள் உண்டதாகச் சொன்ன அளவு, உண்மையில் உண்டதைவிட ஏறக்குறைய பாதிதான்! செய்ததாகச் சொன்ன உடல் உழைப்போ, உண்மையில் செய்ததைவிட மிக அதிகம்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? தோசையைச் சுற்றி ஊற்றும் எண்ணெய் கணக்கில் வராது. குழந்தை மிச்சம் வைத்த சோறு கணக்கில் வராது. கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல் பிரசாதம். அதை யார் கணக்கில் எழுதுவார்கள்? பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் வைத்த லட்டும், டீக்கடையில் நண்பர் வாங்கிக் கொடுத்த வடையும் அப்படியே.

1 லிட்டர் எண்ணெயில் சுமார் 8,000 கலோரி இருக்கிறது. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் சுமார் 20 கலோரி. நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 160 கலோரி. முதல் மாதத்தில் விட்ட சர்க்கரை, நான்காவது மாதத்தில் "அரைக் கரண்டிதானே" என்று மெல்ல உள்ளே நுழைந்துவிடுகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அளக்காமல் போடும் கணக்கு யாருக்கும் பொய்க்கும். அளந்து பார்த்தால் சரியாகிவிடும்.

சென்னை காட்டிய உண்மை

எடை இறங்கவில்லை என்றால் பட்ட பாடெல்லாம் வீண்தானா?

இல்லவே இல்லை! இதற்குச் சான்று வெகு தூரத்தில் இல்லை. சென்னையிலேயே இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். சிலருக்கு உணவுக் கட்டுப்பாடும், நடை முதலிய உடற்பயிற்சியும். வேறு சிலருக்கு மாத்திரையும் கொடுத்தார்கள்.

2006-ல் முடிவு வெளியாயிற்று. 3 ஆண்டில், சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் உழைப்பையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது.

இதில் வியப்பு என்ன தெரியுமா? அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை!

எடை இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே நன்மை நடந்துகொண்டுதான் இருந்தது. இயந்திரத்தின் எண் நின்றுவிட்டது என்பதற்காக நடையை நிறுத்துகிறவர், கிடைத்துக்கொண்டிருக்கும் நன்மையைத் தாமே தூக்கி எறிகிறார்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பொறுப்பது. ஒரு வாரம் எடை குறையவில்லை என்றால் அது தேக்கமே அல்ல. முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் கூடினால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிச் சில நாள் எடை கூடிக் குறையும். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில், ஒரே இயந்திரத்தில் பார்க்க வேண்டும். நான்கு வாரம் ஒரே எண் என்றால்தான் எடை தேங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, இடுப்பை அளப்பது. தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். எடை நிற்கும்போதும் இடுப்பு குறையலாம். கொழுப்பு கரைந்து தசை வளர்ந்தால் அப்படி ஆகும்.

மூன்றாவது, ஏழு நாள் எழுதிப் பார்ப்பது. வாயில் போனது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பால்காரர் கணக்கு எழுதுகிற வீட்டில் இது பெரிய வேலையா? எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்ற வேண்டும். ஒளிந்திருக்கும் திருடன் அநேகமாக இங்கேயே அகப்பட்டுவிடுவான்.

நான்காவது, தட்டை மாற்றுவது. சாப்பாட்டை வெறுமனே குறைக்காமல், சோற்றின் இடத்தில் கொஞ்சம் காயும் கீரையும் வரட்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மோர் என்று வீட்டு வழக்கப்படி புரதச் சத்து ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். பசி அடங்கும், தசையும் கரையாது.

ஐந்தாவது, தசைக்கு வேலை கொடுப்பது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற உழைப்பும், 2 நாளாவது தசைக்குப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியிருக்கிறது. இதற்குக் காசு கொடுத்துப் பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும் என்பது இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். சுவரில் கை வைத்துத் தள்ளலாம். தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதும் பயிற்சிதான்.

ஆறாவது, தூக்கம். நள்ளிரவு வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மறுநாள் பசி கூடுதலாக எடுக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

காலில் வீக்கம், தாங்க முடியாத அசதி, முடி கொட்டுதல், எந்நேரமும் குளிர் என்று இருந்தால் தைராய்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையை ஏற்றும். ஆனால் அதற்காக யாரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்சுலின் ஊசியோ, சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், முதியவர்கள் ஆகியோர் டாக்டர் சொல்லாமல் எடைக் குறைப்பில் இறங்கவே கூடாது.

ஊசிக்கும் ஓர் எல்லை உண்டு

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறது. "செமாகுளுடைடு" என்ற மருந்தை வாரம் ஒரு முறை போட்டுக்கொண்டவர்களுக்கு, 68 வாரத்தில் சராசரி 15 சதவீத எடை குறைந்ததாக 2021-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. நல்ல மருந்துதான். டாக்டரின் யோசனையோடு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஊசியிலும் எடை ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது! ஊசியை நிறுத்தியவர்களுக்கு, ஒரே வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மருந்துக்கே தேக்கம் உண்டு என்றால், மனிதருடைய மன உறுதியை மட்டும் பழிப்பானேன்?

குடும்பத்தின் கடமை

எடை குறைப்பவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், கேலி செய்பவர்கள் நான்கு பேர். பல வீடுகளில் இதுதான் நிலை. அம்மா மட்டும் சுண்டல் சாப்பிட, மற்றவர்கள் அவள் எதிரிலேயே பஜ்ஜி சாப்பிட்டால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்?

எண்ணெயைக் குறைப்பது வீட்டுக்கே நல்லது. காய்கறி கூடுவதும் வீட்டுக்கே நல்லது. ஆகவே ஒருவருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டுச் சமையலே மாறட்டும். மாலை நடைக்கு ஒருவர் துணை போகட்டும். "எத்தனை கிலோ குறைந்தது?" என்று தினமும் கேட்பதை விட்டுவிட்டு, "இன்றைக்கு மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதா?" என்று கேட்கட்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "எடையைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்புவதோடு நிற்கக் கூடாது. "நான்காவது, ஐந்தாவது மாதத்தில் எடை நிற்கும், அப்போது பயப்படாமல் வாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முன்கூட்டித் தெரிந்த மேட்டில் வண்டிக்காரன் கலங்க மாட்டான்.

5 கிலோ குறைத்து, அதை ஒரு வருஷம் ஏறவிடாமல் காத்தவர் வென்றவர். 10 கிலோ குறைத்து 12 கிலோவைத் திரும்ப வாங்கியவரைவிட அவர் எவ்வளவோ மேல். பணத்தைச் சம்பாதிப்பது ஒரு திறமை. சம்பாதித்ததைக் காப்பது அதைவிடப் பெரிய திறமை. எடை விஷயத்திலும் அப்படியே.

காத்தபடியே சில மாதம் போகட்டும். உடல் புதிய எடைக்குப் பழகட்டும். பிறகு தேவையானால் இன்னும் ஒரு கைப்பிடி சோற்றைக் குறைக்கலாம். இன்னும் பத்து நிமிடம் நடக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அடி வைப்பதை மட்டும் நிறுத்திவிடக் கூடாது!